மேற்கோள் எண்ணிக்கை குறைவு என்பதற்காகக் குழந்தைகள் பிரிவை விட்டுவிடலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். வயது 41. அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மருத்துவம் முடித்து, கதிரியக்கவியலில் முதுநிலைப் பட்டம் வாங்கி, அதற்கு மேல் குழந்தைகளுக்கான கதிரியக்கவியலில் தனிப்பயிற்சியும் எடுத்திருக்கிறார். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளர். வயதான அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் ஊரிலேயே தங்கி, தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறார்.

இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. காரணம் எழுத்தில் வரவில்லை. 'எச்-இண்டெக்ஸ் போதாது' என்று துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னாராம். ஒருவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தின் கணக்கில் இவருடைய எண் 6. அதே ஆண்டு வேலைக்குச் சேர்ந்த நண்பர் பெரியவர்களுக்கான கல்லீரல் எம்ஆர்ஐயில் ஆய்வு செய்கிறவர், அவருக்கு 17. 'நீங்களும் பெரியவர்கள் பக்கம் வந்துவிடுங்கள்' என்று தலைவர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. 3,500 ரிங்கிட் கட்டினால், ஸ்கோப்பஸில் உள்ள ஒரு ஜர்னலில் வரவிருக்கும் கட்டுரையில் இரண்டாவது ஆசிரியராகப் பெயர் சேர்த்துத் தருவார்களாம். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையும் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது.

குடல் செருகலோடு (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது) வந்த குழந்தைகளின் ஆறாண்டு விவரங்கள் இவருடைய மடிக்கணினியில் கிடக்கின்றன. தான் படித்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கைகளை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வயதைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்ற ஆசையும் உண்டு. கடிதத்தின் கடைசி வரி: 'இத்தனை வருஷம் செய்த வேலைக்கு மதிப்பு வெறும் ஆறுதானா, டாக்டர்?'

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த 6 எதைச் சொல்கிறது

எச்-இண்டெக்ஸை 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி வரிசையாக அடுக்க வேண்டும். குறைந்தது ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருந்து, குறைந்தது ஏழு பெற்றவை ஏழு இல்லையென்றால், எண் 6. அவ்வளவுதான் கணக்கு.

நீங்கள் அனுப்பிய பட்டியலை அப்படி அடுக்கிப் பார்த்தேன். 41, 22, 15, 9, 8, 6, 5, 4 என்று போகிறது. ஆறாவது கட்டுரைக்கு இன்னும் ஒன்று, ஏழாவதற்கு இன்னும் இரண்டு, ஆக மொத்தம் மூன்று மேற்கோள் வந்தால் உங்கள் எண் 7 ஆகிவிடும். இன்னொரு பக்கம் பாருங்கள். முதலில் நிற்கும் 41, குழந்தைகளின் தலை சிடி ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைப்பது பற்றிய கட்டுரை. அது நாளைக்கே 400 ஆனாலும் உங்கள் எச்-இண்டெக்ஸ் ஒரு புள்ளிகூட ஏறாது. உங்களுடைய ஆகச்சிறந்த வேலை எதுவோ, அதைத்தான் இந்த எண் பார்க்க மறுக்கிறது. நீங்கள் தூக்கம் கெட்டு யோசிக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

கூகுள் ஸ்காலரில் 9 காட்டுகிறதே, அதை விண்ணப்பத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்காலர் ஆய்வேடுகளையும் மாநாட்டுத் தாள்களையும் சேர்த்து எண்ணும், அதனால் பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். இரண்டையும் கலந்து எழுதினால் குழுவுக்குச் சந்தேகம்தான் வரும்.

யாரோடு உங்களை ஒப்பிடுகிறார்கள்

உங்கள் அப்பாவுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கும்போது ஒருவருக்கு அதிகமும் இன்னொருவருக்குக் குறைவும் வரும். அன்றைக்கு யாருக்கு எந்த நிரை கிடைத்தது, மரம் இளசா கிழடா என்று தெரியாமல் எடையை மட்டும் வைத்து ஆளை மதிப்பிட முடியாது.

மேற்கோள் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்னொரு கட்டுரை எழுதுகிறவர் கொடுப்பது. பெரியவர்களின் கல்லீரல் பற்றி எழுதினால் கதிரியக்க நிபுணர்கள், கல்லீரல் மருத்துவர்கள், புற்றுநோய் மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள் எல்லோரும் எடுத்தாள்வார்கள். குழந்தைகளின் கதிரியக்கவியலில் எழுதுகிறவர்களே கொஞ்சம் பேர். இந்தத் துறைக்கென்று 'பீடியாட்ரிக் ரேடியாலஜி' என்ற ஜர்னல் 1973-இல்தான் தொடங்கியது. அப்புறம், நம் ஆய்வுகள் மெதுவாகத்தான் பழுக்கும், குழந்தை வளரும்வரை காத்திருக்க வேண்டும். ஜர்னல்களுக்குத் தரும் இம்பாக்ட் ஃபேக்டரோ, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோளை மட்டும் எண்ணுகிறது.

நம் துறையின் முன்னோடி ஜான் காஃபியின் கதையை நீங்கள் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருப்பீர்கள். மூளை உறைக்கடியில் ரத்தக்கட்டு இருந்த ஆறு கைக்குழந்தைகளின் கைகால் எலும்புகளில் 23 முறிவுகளைப் பார்த்து, 1946-இல் ஒரு கட்டுரை எழுதினார். அடிபட்டதாக யாரும் சொல்லவில்லை, எலும்பு நோயும் இல்லை. அவர் பார்த்தது என்ன என்பதை மருத்துவ உலகம் முழுதாக ஏற்றுக்கொள்ள 1962 வரை ஆனது. அந்த ஆண்டுதான் கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் கூட்டாளிகளும், பெரியவர்கள் அடித்துத் துன்புறுத்திய குழந்தைகளைப் பற்றி ஜாமா என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் சில்வர்மன் குழந்தைகளின் கதிரியக்க நிபுணர். இடையில் 16 ஆண்டுகள். எந்த இரண்டாண்டுக் கணக்கில் அதை அடக்க முடியும்?

இன்றைக்கு நம் மலேசியாவில் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, ஒரு குழந்தை துன்புறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், மருத்துவர் உடனே சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் ஒரு விலா எலும்பு முறிவைப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் செய்கிறீர்களே, அது எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாது. ஆனால் விண்ணப்பத்தில் 'மருத்துவச் சேவை' என்ற பகுதி இருக்கும், பெரும்பாலோர் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு பக்கம் எழுதுங்கள்.

இனி எண்ணுக்கு எண்ணாலேயே பதில் சொல்லும் வழி. ஸ்கோப்பஸ் விவரங்களை வைத்து எஃப்.டபிள்யூ.சி.ஐ. என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்டுரையை அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவது அது. உலகச் சராசரி 1. கல்லூரி நூலகரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். இதிலும் ஒரு குறை உண்டு. கதிரியக்கவியல் முழுவதையும் ஒரே துறையாக எண்ணுவதால், குழந்தைகள் பிரிவு அங்கேயும் பெரியவர்களோடுதான் வரிசையில் நிற்கும். அதனால் ஆர்.சி.ஆர். என்ற விகிதத்தையும் சேர்த்து எடுங்கள். அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், பப்மெட் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் உள்ள கட்டுரைகளுக்கு மட்டும் கிடைக்கும். ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்றக் கட்டுரைகளை வைத்து அதன் துறையை அது தீர்மானிக்கிறது. உங்கள் உண்மையான அண்டை அயலாரோடு ஒப்பிடுவது அதுதான். மேலே நிற்கும் நான்கைந்து கட்டுரைகளின் விகிதத்தை ஒரு சிறு அட்டவணையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனால் எந்த நடைமுறை மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். தலை சிடிக்கான உங்கள் மருத்துவமனை நெறிமுறை அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான் மாறியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கான சுற்றறிக்கையின் நகலை இணைத்துவிடுங்கள்.

சொந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவது தப்பு என்று நினைத்து நீங்கள் தவிர்த்துவருவது தேவையில்லாதது. தொடர்ச்சியான ஆய்வென்றால் முந்தையதைக் காட்டித்தான் ஆக வேண்டும். எண்ணிக்கைக்காகத் திணிப்பதுதான் தவறு. ஸ்கோப்பஸில் அதைக் கழித்துப் பார்க்கவும் முடியும், எனவே ஒளிக்க ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப் செய்தி

இதில் யோசிக்க இடமே இல்லை. வேண்டாம்.

ஆய்வைத் திட்டமிட்டதிலோ விவரம் திரட்டியதிலோ பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளே இருப்பதற்கெல்லாம் பொறுப்பு. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியராக இருப்பதற்கு இந்த நான்கையும் சேர்த்துத்தான் கேட்கிறது. அந்த 3,500 ரிங்கிட்டில் நான்காவதும் சேர்ந்து வருகிறது, டாக்டர். உள்ளே இருக்கும் படம் இன்னொரு கட்டுரையிலிருந்து திருடியதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2023-இல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரை தளத்திலிருந்து மறையாது, அந்த முத்திரையோடு உங்கள் பெயருக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும். கல்லூரியின் ஒழுங்கு விசாரணை அதற்குமேல்.

'எல்லாரும் செய்கிறார்கள்' என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் செய்யவில்லை. ஆசைப்பட்டதற்காக உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன், ஏமாற்றத்தில் இருக்கும்போது அப்படியொரு செய்தி வந்தால் மனம் ஒரு நிமிடம் அங்கே போகத்தான் செய்யும். செய்தியை அழிக்காமல் எடுத்துவைத்து, கல்லூரியின் ஆய்வு நெறிப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள்.

அதற்காகப் பணம் கேட்கும் ஜர்னல் எல்லாம் போலி என்று நினைத்துவிடவும் வேண்டாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கத் தரும் நல்ல ஜர்னல்கள் பல, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. பெயருக்கு விலை வைப்பதும் இதுவும் ஒன்றல்ல. அனுப்பும் முன் அத்தகைய ஜர்னல்களுக்கான டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா, ஸ்கோப்பஸ் கைவிட்ட பட்டியலில் ஏறிவிட்டதா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள். கட்டணம் இல்லாமல் வெளியிடும் வழி, கல்லூரியின் மானியம், இரண்டும் உண்டா என்று விசாரித்த பிறகே கைக்காசைத் தொடுங்கள்.

கையில் இருக்கும் இரண்டு ஆய்வுகள்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தப் பகுதிதான். ஆனால் இரண்டிலுமே ஒவ்வொரு தவறான எண்ணம் இருக்கிறது.

முதலாவது, குடல் செருகல். வலியில் காலை மடக்கிக்கொண்டு அழும் குழந்தையின் வயிற்றில் அல்ட்ராசவுண்ட் புரோபை வைத்ததும், திரையில் வளையத்துக்குள் வளையமாகக் குடல் தெரிவதும், பிறகு ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி அதைப் பின்னுக்குத் தள்ளுவதும் உங்களுக்கு அன்றாட வேலை. ஆறாண்டு விவரங்களை வைத்துச் சும்மா ஒரு வெற்றி விகிதம் எழுதினால், உலகில் ஏற்கெனவே இருக்கும் பல கட்டுரைகளோடு அதுவும் ஒன்றாகிவிடும். உங்களிடம் மட்டும் இருப்பது வேறு. தோட்டத்துப் பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வலி தொடங்கி எத்தனை மணி நேரம் கழித்து வந்தார்கள், முதலில் எங்கே காட்டினார்கள், வீடு எவ்வளவு தூரம், காற்றால் சரியானதா அறுவை தேவைப்பட்டதா? தாமதமானால் காற்றால் தள்ளுவது கைகூடும் வாய்ப்பு குறைகிறது என்பது தெரிந்த செய்தி. அந்தத் தாமதம் செம்பனைத் தோட்டத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை, அந்த ஊரில் வளர்ந்த நீங்கள் எழுதினால்தான் சரியாக வரும். முன்பு தோட்டத்திலேயே டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். இப்போது முதலில் பார்ப்பது யார்?

'என் நோயாளிகளின் பழைய விவரம்தானே, அனுமதி எதற்கு' என்கிறீர்கள். தேவை, டாக்டர். பழைய கோப்புகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கும் நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும், அதுவும் ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே. இத்தகைய ஆய்வில் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து குழு விலக்குத் தரலாம், ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியது குழு. சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் எடுத்த விவரம் ஒன்றிரண்டு கலந்திருந்தாலும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் நெறிக்குழுவிடம் போக வேண்டும், வெளியிடும் முன் சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியும் பெற வேண்டும். அதுவரை, குழந்தைகளின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள அந்தக் கோப்பு சொந்த மடிக்கணினியில் இருக்கக் கூடாது. இந்த வாரமே மருத்துவமனையின் பாதுகாப்பான சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, எலும்பு வயது. கை எலும்புகளின் வளர்ச்சியை வைத்து வயதைக் கணிக்க நாம் இன்றும் கையில் எடுக்கும் கிராய்லிச்-பைல் அட்லஸ் 1950-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 1959-இல். அதிலுள்ள படங்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளுடையவை, 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும் எடுத்தவை. சுங்கை சிப்புட்டில் பிறந்த ஒரு பிள்ளையின் இடது கைப் படத்தை அந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் வளர்ச்சி பின்தங்கியிருக்கிறதா, பருவம் முந்துகிறதா என்று சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று உங்களுக்குள் எழுந்த கேள்வி நியாயமானது, முக்கியமானதும்கூட.

ஆனால் நல்ல சுகத்தோடு இருக்கும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள். கை எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகமிகக் குறைவுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கச் சொல்லிக் கட்டுரை எழுதியவர் நீங்கள். 2008-இல் 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் தொடங்கியதிலிருந்து நம் துறை சொல்லிவருவதும் தேவையில்லாத படம் வேண்டாம் என்பதைத்தான். அதற்குப் பதிலாக, கையை ஊன்றிக் கீழே விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்து, படத்தில் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குப் போன பிள்ளைகளின் கை எக்ஸ்ரேக்கள் உங்கள் மருத்துவமனைக் கணினியில் ஏற்கெனவே இருக்கும். நீண்டகால நோய் உள்ளவர்களை நீக்கிவிட்டு, பிறந்த தேதியோடு ஒப்பிட்டால் போதும். புதிதாக ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். வயது தெரியாமல் இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும், தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் மூவரும் இருக்க வேண்டும். ஒரே இனத்தை மட்டும் எடுத்தால் ஒப்பிட ஆளில்லாமல் போகும்.

உங்கள் தலைவருக்கு நீங்கள் தர வேண்டிய பதிலும் இதில்தான் இருக்கிறது. 2017-இல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு போட்டி வைத்தது, 14,000-க்கும் மேற்பட்ட கை எக்ஸ்ரேக்களைக் கொடுத்து எலும்பு வயதைச் சொல்லச் சொன்னது. அந்தப் படங்கள் அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அப்படிப் பயின்ற மென்பொருள் மலேசியப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒழுங்காகச் சோதித்து எழுதினால், கணினித் துறையினர், ஹார்மோன் மருத்துவர்கள், வயது நிர்ணயம் செய்யும் தடயவியலாளர்கள் எல்லோரும் எடுத்தாள வாய்ப்பிருக்கிறது. துறையை விட்டு வெளியே போகாமலே வெளியாட்களை உங்கள் கட்டுரைக்கு வரவைக்கும் வழி இது.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மரியாதையாக, இரண்டே பத்தியில். பதவி உயர்வுக்கான அளவுகோல் அடங்கிய ஆவணத்தையும் கேளுங்கள். அதில் எச்-இண்டெக்ஸுக்கு ஒரு கீழ்வரம்பு உண்மையிலேயே எழுதியிருக்கிறதா, அல்லது பழக்கமாகச் சொல்கிறார்களா என்பது தெரிந்தாக வேண்டும். எழுதியிருந்தால் அடுத்த சுற்றுவரை அதை எட்டத்தான் வேண்டும், வாதாடிப் பயனில்லை. எழுதவில்லையென்றால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டா, எத்தனை நாளுக்குள் என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

ஜர்னல் எண்களை வைத்து ஆளை அளக்காதீர்கள் என்று சொல்லும் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது. துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் வேறுபடும், அதைக் கணக்கில் எடுங்கள் என்று 2015-இன் லெய்டன் அறிக்கையும் சொல்கிறது. உங்கள் கல்லூரி முதலாவதில் கையெழுத்திட்டிருந்தால் விண்ணப்பத்தில் அதை ஒரு வரியில் நினைவூட்டலாம். இவை சட்டமல்ல, இவற்றைக் காட்டிப் பதவியைக் கேட்டு வாங்க முடியாது. குழுவில் உங்கள் பக்கம் பேச நினைக்கும் ஒருவருக்குக் கைப்பிடியாக இருக்கும், அவ்வளவுதான். நானும் அத்தகைய குழுக்களில் இருந்திருக்கிறேன். வேறு துறைக்காரர்களுக்கு உங்கள் எண்ணைப் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் படித்துக்காட்ட வேண்டும். அந்த நண்பரின் 17-ஐ மட்டும் விண்ணப்பத்தில் எங்கும் இழுக்காதீர்கள்.

பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதைப் பற்றி: அங்கே போனாலும் முதல் கட்டுரை வெளிவந்து மேற்கோள் சேர நான்கைந்து ஆண்டுகள் ஆகும், கையிலிருக்கும் பயிற்சி வீணாகும். எனக்கு அது நல்ல யோசனையாகப் படவில்லை. தனியார் மருத்துவமனையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மாவின் உடல்நிலை, வீட்டுக் கடன், தினசரிப் பயணம் எல்லாம் உண்மையான காரணங்கள், அவற்றுக்காகப் போவதில் ஒரு குறையும் இல்லை. கோபத்தில் மட்டும் போகாதீர்கள். போவதாக முடிவெடுத்தால், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தொடர முடியுமா என்று ராஜினாமாவுக்கு முன்பே பேசிவையுங்கள். வெளியே போன பிறகு அந்த எக்ஸ்ரேக்களையும் கோப்புகளையும் நீங்கள் தொட முடியாது.

இரண்டு ஆய்வையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். குடல் செருகல் முதலில், விவரம் தயாராக இருக்கிறது. நெறிக்குழு விண்ணப்பத்தின் முதல் வரைவை எழுதியதும் இதே முகவரிக்கு அனுப்புங்கள், படித்துக் குறிப்பெழுதித் தருகிறேன். அனுப்பும்போது நோயாளி விவரம் எதையும் இணைக்காதீர்கள்.